கையால் செய்த கிட்டார் பெடல்: பெட்டியின் மேல் படம் போடுவதும் அது அழியாமல் காப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கிட்டாருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடந்து காலால் மிதிபடும் சின்னப் பெட்டிதான் பெடல். ஒலியை முறுக்குவது, இழுப்பது, எதிரொலிக்க வைப்பது எல்லாம் அதன் வேலை. கிருஷ்ணகிரியில் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, எனக்கும் திருவிழாக் கச்சேரிகளில் வாசிக்கும் நண்பர்களுக்கும் இதைச் செய்து கொடுக்கிறேன். சால்டரிங்கைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. "பெட்டி மேல படம் எப்படிண்ணே போட்டீங்க? எனக்கு மூணே மாசத்துல உரிஞ்சி போச்சே" என்றுதான் கேட்கிறார்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் நான் கெடுத்த பெட்டிகளிலிருந்து கற்றவை.

எந்தப் பெட்டி வாங்குவது?

வார்ப்பு அலுமினியப் பெட்டி. ஹேமண்ட் கம்பெனியின் 1590பி என்ற அளவு பெடல் உலகில் பொதுவழக்காகிவிட்டது. சுமார் 112 × 60 × 31 மி.மீ. இருக்கும். அதைவிடச் சற்றுப் பெரியது 125பி. சுமார் 122 × 66 × 39 மி.மீ. இதே அளவில் வேறு கம்பெனிகள் வார்த்ததும் இதே பெயரிலேயே விற்கின்றன. முதல் பெடல் என்றால் 125பி வாங்குங்கள். உள்ளே ஒயருக்கு இடம் கிடைக்கும், மேலே படத்துக்கும் இடம் கிடைக்கும்.

பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் மலிவுதான், ஸ்டிக்கரும் நன்றாகவே ஒட்டும். ஆனால் அது சுற்றியிருக்கும் மின் இரைச்சலைத் தடுக்காது. டியூப்லைட் போட்டதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று கேட்கும். எவர்சில்வர் டிபன் பாக்ஸிலும் ஒன்று செய்து பார்த்தேன். பார்க்க அழகு. மேடையில் முதல் மிதியிலேயே மூடி டொக்கென்று உள்ளே குழிந்துவிட்டது.

துளை முதலிலா, படம் முதலிலா?

துளைதான் முதலில். வரிசை இது: துளையிடுவது, பிசிறு நீக்குவது, உப்புத்தாள் போடுவது, கழுவுவது, பிரைமர், நிறம், படம், கிளியர் கோட் (படத்தைக் காக்கும் நிறமில்லாத மேல்பூச்சு), காய விடுவது, கடைசியில் ஒயரிங். படம் போட்ட பிறகு டிரில் வைத்தால் சுருள் சுருளாக வரும் அலுமினியச் சீவல் படத்தின் மேல் சுற்றிக் கோடு கிழித்துவிடும். அவசரப்பட்டு ஒருமுறை அப்படிச் செய்தேன். பூனை பிறாண்டியதுபோல் ஆகிவிட்டது.

நான் வைக்கும் அளவுகள்: ஃபுட்ஸ்விட்சுக்கு 12 மி.மீ., கிட்டார் ஒயர் சொருகும் கால் இஞ்ச் ஜாக்குக்கு 10 மி.மீ., 16 மி.மீ. வகை வால்யூம் கன்ட்ரோலுக்கு 7 முதல் 8 மி.மீ., சின்ன டாகிள் சுவிட்சுக்கு 6 மி.மீ. உதிரிபாகத்தைக் கையில் வைத்து அளந்த பிறகே துளையிடுங்கள், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி அரை மில்லி மாறும். படியாக இருக்கும் ஸ்டெப் டிரில் ஒன்று வாங்கினால் எல்லாத் துளைக்கும் அதுவே போதும். வீட்டில் டிரில் இல்லையென்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சென்டர் பஞ்ச் அடித்துக் குறித்துக் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் துளைத்துத் தந்துவிடுவார்கள்.

இன்னொன்று: வார்ப்புப் பெட்டியின் பக்கச் சுவர்கள் நேராக நிற்காது. அச்சிலிருந்து கழற்ற வசதியாக லேசான சரிவோடுதான் வார்ப்பார்கள். அதனால் மேல்முகத்தின் உண்மை அளவு, பெட்டியின் அடிப்பக்க அளவைவிட ஒன்றிரண்டு மில்லி குறைவு. அடியை அளந்து படம் செய்தால் ஓரத்தில் தொங்கும்.

அலுமினியத்தில் பெயிண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலான பெட்டிகள் கெடுவது இங்கேதான், ஆனால் பழியை கிளியர் கோட் மேல் போடுகிறோம். காரணம் இரண்டு. ஒன்று, வார்ப்பு அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவும் எண்ணெய்ப் பூச்சு பெட்டியின் மேல் மிச்சமிருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகிவிடும். இரண்டு, அலுமினியம் காற்றுப் பட்டவுடனே தன்மேல் மெல்லிய ஆக்ஸைடு தோல் போட்டுக்கொள்ளும். வழவழப்பான அந்தத் தோலில் சாதாரண பெயிண்டுக்குப் பிடிமானம் கிடையாது.

நான் செய்வது இதுதான். 220 உப்புத்தாளில் தொடங்கி 320, பிறகு 400. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. கண்ணாடி மாதிரி பளபளப்பாக்க வேண்டாம். பெயிண்ட் பிடித்துக்கொள்ள மெல்லிய கீறல்கள் வேண்டும். அப்புறம் பாத்திரம் துலக்கும் லிக்விட் போட்டு, பழைய டூத் பிரஷால் மூலைமுடுக்கெல்லாம் கழுவுகிறேன். கழுவியதும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக விரிந்து வழிந்தால் சுத்தம். தாமரை இலை மேல் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். காய்ந்த பிறகு ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. அதற்குப் பிறகு வெறும் விரலால் தொடக் கூடாது. பஜ்ஜி தின்ற கை என்றால் சொல்லவே வேண்டாம்.

பிரைமர் வாங்கும்போது "அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர்" என்று கேட்டு வாங்குங்கள். அதிலிருக்கும் லேசான அமிலம் உலோகத்தைக் கடித்துக்கொண்டு ஒட்டும். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் சிவப்பு பிரைமர் இரும்புக்கானது, இதற்கு ஆகாது.

ஓசூரில் பவுடர் கோட்டிங் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் ஓசூர் இருப்பது நமக்குக் கொடுப்பினை. வண்டி பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைகள் அங்கே உண்டு. காய்ந்த பொடியை மின்னேற்றி உலோகத்தில் படியவைத்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்து உருக்குவார்கள். ஸ்ப்ரே டப்பாவில் அடிக்கும் எந்த நிறமும் அந்த உறுதிக்குக் கிட்டே வராது.

சிக்கல் என்னவென்றால், ஒரே ஒரு சின்னப் பெட்டிக்காக யாரும் பொடி தெளிக்கும் கன்னில் கலர் மாற்ற மாட்டார்கள். "இன்னைக்கு என்ன கலர் ஓடுதோ அதுலயே போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்டால் வேலை நடக்கும். என்னிடம் கறுப்புப் பெட்டிகள் அதிகம் இருப்பது ரசனையால் அல்ல, அங்கே தினமும் கறுப்பு ஓடுவதால்தான். கொடுக்கும் முன் ஸ்க்ரூ துளைகளில் பழைய ஸ்க்ரூவை முறுக்கிவிடுங்கள். மரையில் பொடி உருகி அடைத்துக்கொண்டால் மூடி மாட்ட முடியாது. பவுடர் கோட்டின் மேல் பிறகு கிளியர் அடிப்பதாக இருந்தால், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றுவிட்டு அடியுங்கள்.

படத்தைக் கம்ப்யூட்டரில் எப்படித் தயார் செய்வது? கடையில் கொடுத்தால் தமிழ் எழுத்து உடைந்து வருகிறதே?

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். பெட்டியின் மேல்முகத்தை உண்மை அளவில் வரைந்து, துளைகளை வட்டமாகக் குறித்து, அதன் மேல் படத்தை அமையுங்கள். போட்டோ சேர்ப்பதாக இருந்தால் அச்சாகும் அளவில் ஓர் இஞ்சுக்கு 300 புள்ளியாவது இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கலாக இருக்கும்.

தமிழ் எழுத்து உடைவதற்குக் காரணம், சில கடைகளில் இருக்கும் பழைய டிசைன் சாஃப்ட்வேருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. "தொனி" என்று கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். சில சமயம் வெறும் கட்டங்களாக வரும். அதனால் எழுத்துகளை எல்லாம் கோட்டுருவமாக மாற்றி, அதாவது டெக்ஸ்டை பாத்தாக மாற்றி, பி.டி.எஃப். ஆகச் சேமித்துக் கொடுங்கள். பிறகு அது எழுத்து அல்ல, வெறும் வடிவம். யாராலும் உடைக்க முடியாது. மாற்றுவதற்கு முன் ஒரிஜினல் ஃபைலை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை அச்சான பிறகுதான் கண்ணில் படும்.

அச்சிடும்போது "ஃபிட் டு பேஜ்" என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் சத்தமில்லாமல் கொஞ்சம் சுருங்கிவிடும், துளைகள் எதுவும் பொருந்தாது. ஃபைலின் ஓரத்தில் சரியாக 50 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். தாள் வெளியே வந்ததும் ஸ்கேலை வைத்து அளந்தால் சண்டைக்கு வேலையில்லை. முதலில் சாதாரணத் தாளில் எடுத்துப் பெட்டி மேல் வைத்துப் பார்த்துவிட்டே நல்ல தாளில் எடுங்கள்.

எழுத்தின் அளவு பற்றி ஒன்று. ஆங்கிலப் பெரிய எழுத்து 2 மி.மீ. உயரத்திலும் படிக்க வரும். தமிழுக்கு 3 மி.மீ. குறைந்தபட்சம் என்பேன். அதற்குக் கீழே போனால் 'ண' சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். என் முதல் ஃபஸ் பெடலின், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலின், பெயர் "உறுமல்". புள்ளி போய் "உறுமல" என்று ஆகிவிட்டது. அது ஏதோ மலையின் பெயர் என்று நினைத்தவர்கள் உண்டு.

வீட்டிலிருந்தே செய்ய எந்த முறை நல்லது?

கேட்பவரைப் பொறுத்துப் பதில் மாறும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

காகித ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். அதன் மேல் கிளியர் அடித்தால் கரைப்பான் காகிதத்துக்குள் இறங்கி, போண்டா கட்டிய பேப்பர் மாதிரி எண்ணெய் படிந்து தெரியும். வினைல் ஸ்டிக்கர் பரவாயில்லை. ஆனால் ஓரங்கள் ஷூ பட்டுப் பட்டுத் தூக்கும். பெட்டியின் விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டி, மூலைகளை வளைவாக வெட்டினால் அதிக நாள் வரும்.

ஒன்றிரண்டு பெடலுக்கு வாட்டர்ஸ்லைடு டீகல் நல்லது. தண்ணீரில் நனைத்தால் மெல்லிய படலமாக நழுவி வரும் தாள் அது. பொம்மை விமானங்களில் ஒட்டுவார்களே, அதே சங்கதி. பத்துக்கு மேல் ஒரே டிசைன் என்றால் பத்திரிகை அச்சடிக்கும் இடத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கேளுங்கள். ஆனால் "உலோகத்துக்கான இரண்டு பாக எபாக்ஸி இங்க்" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு ஓட்டும் மையிலேயே அடித்துவிட்டால் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

காசு கொஞ்சம் கொடுக்கத் தயார் என்றால் யு.வி. பிரிண்டிங். புற ஊதா ஒளியில் அந்த நொடியே உறையும் மை, நேரடியாகப் பெட்டி மேல் அச்சாகும். தட்டையான மேல்முகத்தில் கச்சிதமாக வரும். வளைந்த விளிம்பில் மங்கும். வெறும் அலுமினியத்தில் அதன் பிடிப்பு சுமார்தான், பிரைமரும் நிறமும் அடித்த பெட்டியாகக் கொடுங்கள். பரிசுப் பொருள் கடைகளில் கப், பாட்டில் மேல் ஒட்டித் தரும் யு.வி. டி.டி.எஃப். ஸ்டிக்கரும் இதே குடும்பம்தான். ஒரு ஏ4 தாளில் நாலைந்து பெடலுக்கான படத்தை நெருக்கி வைத்து அடித்துக்கொள்ளலாம்.

கறுப்புப் பெட்டியில் வெள்ளைக் கோலம் வேண்டும். பிரிண்டரில் வரவில்லையே?

வராது. வீட்டு பிரிண்டருக்கும் ஜெராக்ஸ் கடை மெஷினுக்கும் வெள்ளை மையே கிடையாது. தாளின் வெள்ளையைத்தான் அவை வெள்ளை என்று விட்டுவைக்கின்றன. கண்ணாடி போன்ற டீகலில் அச்சிட்டுக் கறுப்பு மேல் ஒட்டினால் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பு. மஞ்சளும் சிவப்பும்கூட மங்கிச் செத்துப்போகும்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. வாசல் கோலமும் வெள்ளை, மல்லப்பாடி பாறை ஓவியமும் வெள்ளைக் கோடு. எல்லாமே இருண்ட தளத்தில் வெள்ளைதான்.

வழிகள் சில. யு.வி. பிரிண்டரில் வெள்ளை மை உண்டு, அது நேர்வழி. இரண்டாவது, பெட்டிக்கு வெள்ளை நிறம் அடித்து, டீகலில் பின்புலத்தைக் கறுப்பாக அச்சிடுவது. கோலக் கோடு மட்டும் வெறுமையாக இருக்கும், அடியில் உள்ள வெள்ளை தெரியும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: கறுப்புப் பவுடர் கோட் செய்த பெட்டியைப் பெயர்ப்பலகை, கேடயம் செய்யும் கடையில் ஃபைபர் லேசரில் கொடுப்பது. லேசர் கறுப்பை எரித்து எடுத்ததும் அடியிலுள்ள அலுமினியம் வெள்ளியாகத் தெரியும். அதற்கு மேல் கிளியரே தேவையில்லை, ஏனென்றால் உரிந்து போக அங்கே மை எதுவும் இல்லை.

வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் கையாலேயே கோலம் போட்டவர்களும் இருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. மார்க்கரின் மேல் கிளியரைக் கனமாக அடித்தால் கரைந்து ஓடும், அது மட்டும் ஜாக்கிரதை. பெர்மனென்ட் மார்க்கர் என்று பெயர் வைத்திருக்கும் சாதாரணப் பேனா இந்த விஷயத்தில் இன்னும் மோசம்.

வாட்டர்ஸ்லைடு டீகல் ஒட்டும்போது சுருங்குகிறது, அடியில் வெள்ளி மாதிரி மினுங்குகிறது. என்ன செய்வது?

அந்த மினுமினுப்புக்குக் காரணம் காற்று. சொரசொரப்பான மேட் பரப்பின் மேல் டீகல் ஒட்டினால் அதன் குண்டு குழிகளில் காற்று சிக்கிக்கொள்ளும். அதனால் டீகல் வைப்பதற்கு முன் நிறத்தின் மேல் ஒரு பளபள கிளியர் அடித்து, நன்றாகக் காய விட்டு, அதன் மேல் ஒட்டுங்கள். மேட் வேண்டுமென்றால் கடைசிப் பூச்சை மேட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இங்க்ஜெட்டில் அச்சிட்டிருந்தால் தண்ணீரில் விடும் முன் டீகல் தாளின் மேலேயே மூன்று மெல்லிய அக்ரிலிக் கிளியர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மை கரைந்து தண்ணீர் ஹோலி கொண்டாடும். லேசரில் அச்சிட்டது டோனர். அது பிளாஸ்டிக், தண்ணீரில் கரையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் படலம் விரலுக்கு நழுவும். அப்போது எடுங்கள். பெட்டியின் மேல் கொஞ்சம் தண்ணீர் தடவி, தாளோடு வைத்து, தாளை மட்டும் அடியிலிருந்து உருவுங்கள். இடத்துக்கு வந்ததும் நனைந்த பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். குமிழ் நின்றால் ஊசியால் குத்தி அழுத்துங்கள். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும்.

துளைகளின் மேல் படலம் பறை மாதிரி இழுத்து நிற்கும். காய்ந்த பிறகு புது பிளேடால் பெருக்கல் குறிபோல் கீறி, நுனிகளை உள்ளே மடக்குங்கள். அரம் பயன்படுத்தினால் மேலிருந்து உள்ளே மட்டும் இழுக்க வேண்டும். வெளியே இழுத்தால் படமும் கூடவே வரும்.

ஜெராக்ஸ் கடையில் இந்தத் தாளைப் போட மாட்டேன் என்கிறார்களே?

அவர்கள் பயம் நியாயமானது. இங்க்ஜெட்டுக்கான டீகல் தாளை லேசர் மெஷினில் விட்டால் உள்ளிருக்கும் சூட்டு உருளையில் உருகி ஒட்டிக்கொள்ளும். ரிப்பேர் செலவு பெடலின் விலையைத் தாண்டும். தாளின் பாக்கெட்டோடு போய், லேசருக்கானது என்று காட்டிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், வேறு கடை பார்ப்போம்.

எட்சிங் செய்யலாமா? யூடியூபில் அழகாக இருக்கிறது.

அழகுதான், ஆனால் முதல் பெடலில் வேண்டாம். டோனரை இஸ்திரிப் பெட்டியால் அலுமினியத்துக்கு மாற்றி, ஃபெரிக் குளோரைடில் வைத்து, மூடப்படாத இடத்தை அரிக்க விடுவதுதான் முறை. சர்க்யூட் போர்டின் செம்பில் அமைதியாக வேலை செய்யும் அதே கரைசல், அலுமினியத்தில் பொங்கும். சூடேறும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும், மூக்கைக் கரிக்கும் ஆவி வரும். மொட்டை மாடியில் திறந்த வெளியில், கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டு, பிளாஸ்டிக் தட்டில், பாதியாகத் தண்ணீர் கலந்து, சில நொடிகள் முக்கி எடுத்துக் கழுவி மறுபடி முக்க வேண்டும். அம்மாவின் அலுமினியச் சட்டியில் ஊற்றினால் சட்டியும் எட்சிங் ஆகிவிடும். முடிந்த கரைசலைச் சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள்.

சாமி படம் போட்டுத் தரச் சொல்கிறார்கள். போடலாமா?

டெக்னிக்கலாக எதுவும் தடையில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இது காலால் மிதிக்கும் பொருள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகள் நம்முடையவை. விநாயகர் படத்தோடு ஒரு பெடல் கேட்டு வந்த நண்பரிடம், ஃபுட்ஸ்விட்ச் எங்கே வரும் என்று பெட்டியை வைத்துக் காட்டினேன். அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நடுகல் வீரன் படமும் அப்படித்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க நடுகற்கள் உண்டு, அந்தப் புடைப்புருவங்கள் பெட்டிக்கு வெகு பொருத்தம். நானே ஒன்று வரைந்து வைத்திருந்தேன். எங்கள் பெரியம்மா பார்த்துவிட்டு, "வேடியப்பன்டா அது, அதைப் போய் மிதிப்பியா?" என்றார். நம் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பனாகக் கும்பிடப்படுபவை, அது என் தலைக்கு உறைக்கவே இல்லை. இப்போது மாங்காய், ஒகேனக்கல் பரிசல், தெருக்கூத்துக் கிரீடத்தின் கோடுகள் என்று போய்விட்டேன். எழுத்தையும் பெட்டியின் மேல்பாதியில், நாப்புகளுக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன்.

ஆயுத பூஜைக்குப் பெடலுக்கும் பொட்டு வைப்போம் அல்லவா? மேட் கிளியரில் குங்குமம் வைத்தால் அந்தச் சிவப்பு அடுத்த வருஷம் வரை போகாது. பளபள கிளியர் என்றால் ஈரத் துணியில் போய்விடும். வெளியூர்க்காரர்கள் யாரும் இந்த எச்சரிக்கையை எழுதி நான் பார்த்ததில்லை.

மேல்பூச்சுக்கு எந்த கிளியர்? ஹார்டுவேர் கடை வார்னிஷ் போதுமா?

மர வார்னிஷ் மஞ்சளாகும், பிரஷ் கோடு தெரியும். வேண்டாம்.

ஸ்ப்ரே டப்பாவில் வரும் அக்ரிலிக் கிளியர் எளிது. 20–25 செ.மீ. தள்ளி நின்று, கையை நகர்த்திக்கொண்டே அடிக்க வேண்டும். முதல் மூன்று பூச்சு பனி படிவதுபோல் மெல்லிதாக இருக்கட்டும். முதலிலேயே நனைய நனைய அடித்தால் டீகல் படலம் சுருங்கும், மை பரவும். பூச்சுக்குப் பூச்சு 10–15 நிமிட இடைவெளி. அதற்குப் பிறகு நாலைந்து ஈரப் பூச்சுகள். டீகலின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு ஏற வேண்டும்.

வேறு வேறு வகைகளைக் கலக்கும்போதுதான் வம்பு. எனாமல் பெயிண்ட் முழுதாகக் காயாமல் அதன் மேல் லாக்கர் அடித்தால், லாக்கரிலுள்ள தின்னர் அடியில் இறங்கி எனாமலை உப்பவைக்கும். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கண் முன்னால் சுருங்கும். ஒரே கம்பெனியின் பிரைமர், நிறம், கிளியர் மூன்றையும் சேர்த்து வாங்குவது நிம்மதி.

மிக உறுதியானது கார் பெயிண்டிங்கில் அடிக்கும் இரண்டு பாக பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர். ஹார்டனர் கலந்து அடிப்பது. பெட்ரோல் பட்டாலும் அசையாது. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா வரவைக்கும். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. வீட்டில் அடிக்காதீர்கள். டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையில் ஏதாவது பம்பருக்கு கிளியர் அடிக்கும் நாளில் உங்கள் பெட்டியையும் பக்கத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். என் நல்ல பெடல்கள் எல்லாம் ஏதோ ஒரு காரின் மிச்சத்தில் மின்னுபவைதான்.

எந்த மாதத்தில் ஸ்ப்ரே அடிப்பது நல்லது?

தை, மாசி, பங்குனி. காற்றில் ஈரம் குறைவு, வெயிலும் தாங்கும். ஐப்பசி மழையில் அடித்தால் கிளியரில் பால் ஊற்றியதுபோல் வெண்மை படியும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் இறங்குவதால் வருவது அது. லேசாக இருந்தால் ஈரமில்லாத ஒரு நாளில் மெல்லிய பூச்சு ஒன்று அடித்தால் மறையும். கத்திரி வெயிலில் நேர்மாறு: துளி பெட்டிக்குப் போய்ச் சேரும் முன்பே காற்றிலேயே காய்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரக்கும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு அடித்துவிடுங்கள். ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஈர கிளியரைத் தேடி மாவட்டத்துத் தூசி எல்லாம் வரும்.

ஸ்ப்ரே பூத் என்று தனியாக எதுவும் வேண்டாம். மாம்பழ அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, உள்ளே ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் பெடல் பெட்டியை வையுங்கள். கதவைச் சாத்திய அறையில் அடிக்காதீர்கள். பக்கத்தில் பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரியக் கூடாது.

எபாக்ஸி ரெசின் ஊற்றினால் கண்ணாடி மாதிரி இருக்குமாமே?

இருக்கும். ரெசின் ஆர்ட் செய்பவர்கள் வாங்கும் அதே இரண்டு பாட்டில்தான். பாட்டிலில் சொன்ன விகிதத்தைக் கண்ணளவில் பார்க்காமல் அளந்து கலக்க வேண்டும். தவறினால் காலத்துக்கும் பிசுபிசுக்கும். துளைகளை அடியிலிருந்து டேப் ஒட்டி அடையுங்கள். குமிழ்களை ஹேர் டிரையர் சூட்டில் ஓட்டலாம். காய்ந்த பின் துளைகளை மறுபடி துளைக்க வேண்டியிருக்கும்.

நான் இரண்டு செய்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். வெயில் பட்டு மஞ்சளாகிறது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், 2 மி.மீ. தடிமன் ஏறியதும் வால்யூம் கன்ட்ரோலின் மரை மேலே எட்டவில்லை, நட்டு பிடிக்கவில்லை.

கிளியர் அடித்து எத்தனை நாளில் ஒயரிங் செய்யலாம்?

தொட்டால் ஒட்டாதது காய்ந்ததாகாது. அக்ரிலிக் என்றால் குறைந்தது ஒரு வாரம். மழைக்காலம் என்றால் இரண்டு. மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசம் வந்தால் இன்னும் காயவில்லை. உள் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்தால் பொறுங்கள். நாளை மறுநாள் கச்சேரி என்று ஒருவர் அவசரப்படுத்தி மூன்றாம் நாளே வாங்கிப் போனார். துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனதில் பையின் நெசவு அப்படியே பெடலில் பதிந்துவிட்டது.

முழுக்கக் காய்ந்த பிறகு, 1000, 1500, 2000 என்று தண்ணீர் உப்புத்தாள் போட்டு, கார் ரப்பிங் காம்பவுண்டில் தேய்த்தால் கண்ணாடிதான். விளிம்புகளில் கையை லேசாக வையுங்கள். அங்கே பூச்சு மெல்லிசு, சட்டென்று நிறம் வரை போய்விடும்.

நட்டை முறுக்கியதும் கிளியர் விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

உலோக வாஷர் திருகும்போது பூச்சையும் சேர்த்துத் திருகுகிறது. பூச்சுக்கும் நட்டுக்கும் நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பானரில் கால் சுற்று போதும். பிளையர் எடுத்தால் வழுக்கிப் படத்தைக் கிழிக்காமல் விடாது.

பெயிண்ட் அடித்த பிறகு பெடலில் இரைச்சல் வருகிறது. படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஜாக்கின் உலோகப் பகுதி பெட்டியைத் தொட்டால்தான் பெட்டி முழுவதும் எர்த் ஆகி இரைச்சலைத் தடுக்கும். பெயிண்டும் பவுடர் கோட்டும் மின்சாரத்தைக் கடத்தாது. பெட்டியின் உள்பக்கம், உள்ளீட்டு ஜாக்கின் துளையைச் சுற்றி, வெறும் அலுமினியம் தெரியும்வரை சுரண்டிவிடுங்கள். மூடி உட்காரும் விளிம்பிலும் ஓர் இடத்தில் சுரண்டுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பே உள்பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் இந்த வேலையே இல்லை.

எல்லாம் கெட்டுப்போனால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவினால் கால் மணி நேரத்தில் பூச்சு சுருண்டு வரும், கையுறை கட்டாயம். காஸ்டிக் சோடாவில் மட்டும் ஊறப்போடாதீர்கள். அது பெயிண்டோடு அலுமினியத்தையும் தின்னும். கழுவி, 220 உப்புத்தாளில் மறுபடி தொடங்குங்கள். என்னிடம் ஒரு 125பி பெட்டி நான்காவது படத்தில் இருக்கிறது. முதல் மூன்றையும் கெடுத்தது நான்தான், பெட்டி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.